காந்தம், மீக்கடத்தல், ஒளியியல்: திண்மநிலை ஆய்வுக்கு வரும் மாணவர்களுக்கு

முதுகலை இயற்பியல் முடித்து, பொருள்களின் காந்தப் பண்புகள், மீக்கடத்தல் (குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே மின்தடை முற்றிலும் மறைதல்), ஒளியியல் ஆகியவற்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வர விரும்பும் மாணவர்கள் இரண்டு கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். நெட், கேட், ஜெஸ்ட் ஆகிய தகுதி, நுழைவுத் தேர்வுகளுக்கு எப்படிப் படிப்பது என்பது ஒன்று. ஆய்வகத்துக்குள் நுழைந்தபின் எதைக் கற்றுக்கொள்வது என்பது மற்றொன்று. இரண்டுக்கும் என்னிடம் ஒரே விடைதான் உள்ளது. ஒரு வளைகோட்டைப் பார்த்தவுடன், பாடநூல் சொல்லும் காரணத்தைத் தவிர வேறு எதனால் இதே வளைகோடு கிடைத்திருக்கக்கூடும் என்று கேட்டுப் பழக வேண்டும். தேர்விலும் நேர்காணலிலும் பின்னர் ஆய்விலும் எனக்கு உண்மையாகப் பயன்பட்டது அந்தப் பழக்கமே.

நேர்காணல்களில் தவறாமல் வரும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்கலாம்: மின்தடையே இல்லாத ஒரு கடத்திக்கும் மீக்கடத்திக்கும் என்ன வேறுபாடு? மின்தடை சுழியானால் உள்ளே மின்புலம் இருக்க முடியாது. ஆகவே உள்ளிருக்கும் காந்தப்புலம் காலத்தோடு மாறாது. காந்தப்புலத்தில் வைத்துக் குளிர்வித்தால் வெறும் தடையற்ற கடத்தி அந்தப் புலத்தை அப்படியே தக்கவைத்துக்கொள்ளும். மீக்கடத்தியோ அதை வெளியேற்றிவிடும். காமர்லிங் ஓன்ஸ் 1911-இல் லைடனில் பாதரசத்தின் மின்தடை 4.2 கெல்வின் அருகே மறைவதைக் கண்டார். புலம் வெளியேற்றப்படுவதை மைஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டறிந்ததோ 1933-இல்தான். மின்தடையை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்த வேறுபாடு வெளிப்பட்டிருக்காது. தேர்வுக்குப் படிக்கும்போது லண்டன் சமன்பாடுகள், காந்தப்புலம் உள்ளே எட்டும் ஊடுருவு ஆழம், மீக்கடத்தலை எலக்ட்ரான் இணைகளால் விளக்கும் பிசிஎஸ் கோட்பாட்டின் ஆற்றல் இடைவெளி, வெப்ப ஏற்புத்திறனில் ஏற்படும் தாவல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை எந்த அளவீடு காட்டும் என்று ஒரு வரி எழுதிவைத்துக்கொண்டால், சூத்திரங்கள் மறக்காது. நேர்காணலின் அடுத்த கேள்விக்கும் நாம் ஆயத்தமாக இருப்போம்.

அந்த அடுத்த கேள்வி பெரும்பாலும் காந்த ஏற்புத்திறனை, அதாவது புலத்துக்கு ஏற்பப் பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதைப் பற்றியதாக இருக்கும். புலமின்றிக் குளிர்வித்துப் பின்னர் புலம் செலுத்தி அளக்கும் வளைகோடும், புலத்திலேயே குளிர்வித்து அளக்கும் வளைகோடும் ஏன் பிரிகின்றன? பாடநூல் படத்தில் மைஸ்னர் விளைவு, அதாவது மேலே சொன்ன புல வெளியேற்றம், முழுமையானது. ஆனால் இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு வில்லை ஒன்றைப் புலத்தில் குளிர்வித்து அளந்தால், முழு வெளியேற்றத்தைவிட மிகக் குறைவான மதிப்பே கிடைப்பது வழக்கம். புதிதாக வரும் மாணவர்கள் மாதிரி கெட்டுவிட்டது என்று கலங்குகிறார்கள். இரண்டாம் வகை மீக்கடத்திகளில் காந்தப் பாயம் சுழல்களாக உள்ளே நுழைந்து, படிகக் குறைகளிலும் குருணை எல்லைகளிலும் சிக்கி நிற்கிறது, அதுவே காரணம். கணக்கிடும்போது மாதிரியின் வடிவத்தால் உட்புலம் மாறுவதைக் குறிக்கும் காந்த நீக்கக் காரணியையும் சேர்க்க வேண்டும். கோளத்துக்கு அது மூன்றில் ஒரு பங்கு. இதை விட்டுவிட்டு நூறு விழுக்காட்டுக்கும் மேல் மீக்கடத்தல் இருப்பதாக எழுதப்பட்ட அறிக்கைகள் என் பார்வைக்கு வந்திருக்கின்றன.

முதல் ஆண்டு மாணவர் எவருக்கும் நான் பரிந்துரைக்கும் பயிற்சி, மேலே சொன்ன சேர்மத்தைத் தம் கையால் தயாரிப்பதே. 1987-இல் கண்டறியப்பட்ட இதன் மாறுநிலை வெப்பநிலை ஏறத்தாழ 92 கெல்வின். 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனே இதற்குப் போதும். இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர் ஆக்சைடு மூன்றையும் உலோக அணுக்கள் 1:2:3 என்ற விகிதத்தில் அமையும்படி எடைபோட்டு, அகேட் கல்வத்தில் நெடுநேரம் அரைத்து, 900 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கி, மீண்டும் அரைத்து வில்லையாக அழுத்திச் சுட வேண்டும். அதன்பின் ஆக்சிஜன் ஓட்டத்தில் மெதுவாகக் குளிர்விக்கும் படிநிலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வாய்பாட்டில் ஆக்சிஜன் எண்ணிக்கை 7-ஐ நெருங்கினால் பொருள் மீக்கடத்தி. 6-ஐ நெருங்கினால் அதே பொருள் எதிர்ஃபெர்ரோ காந்த ஒழுங்குடைய (அடுத்தடுத்த அணுக்களின் காந்தத் திருப்புத்திறன்கள் எதிரெதிராக அமைந்த) மின்காப்பான். பாடத்திட்டத்தில் தனித்தனி அலகுகளாக நிற்கும் காந்தமும் மீக்கடத்தலும் ஒரே பொருளில் ஆக்சிஜன் அளவால் மட்டுமே பிரிந்து நிற்பதைக் கண்ணால் கண்ட மாணவர், அவற்றை மறுபடியும் தனித்தனியாகப் படிக்கமாட்டார்.

மின்தடையை நான்முனை முறையில் அளக்கும்போது மின்னோட்டத்தின் திசையை மாற்றி இருமுறை அளந்து, முனைகளுக்கிடையே வெப்பநிலை வேறுபாட்டால் எழும் வெப்ப மின்னியக்கு விசையை நீக்க வேண்டும். மின்தடை சுழியானாலும் பொருள் முழுவதும் மீக்கடத்தியாகிவிட்டது என்று பொருளில்லை. ஒரு மெல்லிய இழைபோல் தொடர்ந்து செல்லும் பாதை இருந்தாலே போதும், மின்தடை மறைந்துவிடும். காந்த அளவீடு அந்த ஐயத்தைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் புலமின்றிக் குளிர்வித்த மாதிரியில், வெளிப்புற ஓடு மட்டும் மீக்கடத்தியாக இருந்தாலும் அது உட்பகுதியை மறைத்துக் காக்கும். அங்கே, பொருள் முழுவதையும் சார்ந்த வெப்ப ஏற்புத்திறன் அளவீடு தேவைப்படுகிறது.

2023 ஜூலையில் தென்கொரியக் குழு ஒன்று எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று அறிவித்த நிகழ்வை இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொருவரும் ஆழ்ந்து படிக்க வேண்டும் என்பேன். 104 டிகிரி செல்சியஸ் அருகே மின்தடை திடீரெனச் சரிந்தது உண்மையான அளவீடுதான்; ஆனால் மாதிரியில் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு அதே வெப்பநிலையில் கட்டமைப்பு மாற்றம் அடைகிறது. காந்தத்தின் மேல் துண்டு பாதி எழும்பி நின்றதற்கு ஃபெர்ரோ காந்தத் தன்மையே போதுமான காரணமாக இருந்தது. மாசில்லாத ஒற்றைப் படிகம் வளர்க்கப்பட்டபோது அது மின்காப்பானாகவே இருந்தது. இவை அனைத்தும் சில வாரங்களுக்குள் தெளிவானது, உலகெங்கும் பல ஆய்வகங்கள் ஒரே பொருளை வெவ்வேறு அளவீடுகளால் விசாரித்ததால்தான்.

நம் கல்லூரிகளில் அதிகம் செய்யப்படும் துத்தநாக ஆக்சைடு நுண்துகள் ஆய்வுகளுக்கும் இது அப்படியே பொருந்தும். கோபால்ட் சேர்த்த மாதிரியில் அறை வெப்பநிலையில் சிறிய காந்தத் தயக்கக் கண்ணி (புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் வரையும் மூடிய வளைகோடு) தெரிந்தவுடன் அதை ஃபெர்ரோ காந்தக் குறைகடத்தி என்று எழுதிவிடும் அவசரம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இரும்பின் தெவிட்டிய காந்தமாக்கம் கிராமுக்கு ஏறத்தாழ 218 ஈஎம்யூ (காந்தத் திருப்புத்திறனின் அலகு). எனவே ஒரே ஒரு மைக்ரோகிராம் இரும்புத் தூசி பத்தாயிரத்தில் இரண்டு பங்கு ஈஎம்யூ அளவுக்குச் சைகை தரும். அதிர்வு மாதிரி காந்தமானிக்கு அது தாராளமாகத் தெரியும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுப் படத்திலோ தடயமே இருக்காது. ஹாஃப்னியம் டை ஆக்சைடு மென்படலங்களில் காந்தத்தன்மை இருப்பதாக 2004-இல் வெளியான முடிவைத் தொடர்ந்து, துருப்பிடிக்காத எஃகு இடுக்கியால் மாதிரியைத் தொடுவதே அத்தகைய சைகையைத் தர வல்லது என்று 2005-இல் மற்றொரு குழு காட்டியது. எனவே நெகிழி இடுக்கியை மட்டும் பயன்படுத்துங்கள். கோபால்ட் சேர்க்காத மாதிரியையும் வெற்று மாதிரித் தாங்கியையும் அதே நாளில் அளந்துவிடுங்கள். மிக நுண்ணிய காந்தச் சைகையையும் அளக்கும் ஸ்குவிட் காந்தமானியில் 40 முதல் 55 கெல்வினுக்குள் சிறு மேடு தெரிந்தால், உங்கள் பொருளைப் பற்றி எழுதுமுன் குழாயில் உறைந்த ஆக்சிஜன் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கேதான் ஒளியியல் துணைக்கு வருகிறது. கோபால்ட் அயனி உண்மையாகவே துத்தநாகத்தின் நான்முகி இடத்தில் அமர்ந்திருந்தால், ஏறத்தாழ 565, 610, 655 நானோமீட்டர் அலைநீளங்களில் உட்கவர்தல் பட்டைகள் தெரியும். தூளும் பச்சையாக மாறும். காந்த அயனி எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஒளி விடை தருகிறது. ஆனால் பலர் நிறமாலையை எடுத்து, உட்கவர்தலிலிருந்து குறைகடத்தியின் பட்டை இடைவெளியைக் கணிக்கும் டாக் வரைபடம் வரைந்து, அந்த இடைவெளியைத் தசமத்துக்குப் பின் மூன்று இலக்கங்களில் எழுதுவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வரைபடத்தில் நேர்கோட்டை எந்தப் பகுதியில் பொருத்துகிறோம் என்பதைப் பொறுத்தே மதிப்பு 0.1 எலக்ட்ரான் வோல்ட் வரை நகரக்கூடும்போது, மூன்றாம் இலக்கத்துக்குப் பொருளில்லை. தூள் மாதிரிகளுக்குப் பரவல் எதிரொளிப்பை அளந்து, அதை உட்கவர்தலோடு தொடர்புபடுத்தும் கூபெல்கா–முங்க் சார்பைப் பயன்படுத்துங்கள். நேரடி இடைவெளியா மறைமுகமா என்பதை முன்கூட்டியே அறிந்து டாக் வரைபடத்தின் அடுக்கெண்ணைத் தேர்ந்தெடுங்கள்.

கருவிகள் தம் கல்லூரியில் இல்லையே என்ற கவலை பலருக்கும் உண்டு. பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களை ஏற்றுக் குறைந்த வெப்பநிலை அளவீடுகளுக்கு இடம் தரும் யுஜிசி–டிஏஇ கூட்டமைப்பு (பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் இணைந்தது) இந்தூர், மும்பை, கொல்கத்தா நகரங்களிலும் கல்பாக்கத்திலும் இயங்குகிறது. விண்ணப்பத்தில் மாதிரியின் எக்ஸ்-கதிர் படம், நிறை, எந்த வெப்பநிலையில் எந்தப் புலத்தில் என்ன எதிர்பார்க்கிறீர்கள், அந்த எதிர்பார்ப்பு பொய்த்தால் எந்த முடிவுக்கு வருவீர்கள் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். இயன்றவரை மாதிரியை அஞ்சலில் அனுப்பாமல் நேரில் சென்று கருவியின் அருகிலேயே இருங்கள். குளிர்விக்கும் வேகம், புலத்தின் வரிசை, தாங்கியின் வகை ஆகியவற்றை அங்கேயே குறிப்பேட்டில் எழுதுங்கள், ஏனெனில் அனுப்பிவைக்கப்படும் தரவுக் கோப்பில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை.