ரயிலில் வந்த முளைப்புச் சோதனை: இரண்டாவது முயற்சி

மக்காச்சோள விதை முளைக்குமா என்று மரத்தூள் பெட்டியில் வைத்துப் பார்த்தேன்; போன முறை பெட்டி முழுக்கப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மரத்தூளில் தண்ணீரை அப்படியே ஊற்றியதுதான் தப்பு. இந்த முறை தூளைச் சாக்கில் கட்டி, ராத்திரி முழுக்க வாளியில் ஊறவிட்டேன். காலையில் ஒட்டப் பிழிந்த பிறகே பெட்டியில் பரப்பி அழுத்தினேன்.

விதைப்பதற்கு முன் கதிர் கதிராகச் சோதிக்கும் இந்த வழியைப் பரப்பியது ஒரு ரயில். 1904 ஏப்ரலில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ராக் ஐலண்ட் ரயில்வே மக்காச்சோள விதைக்காகவே ஒரு தனி வண்டி விட்டது. அயோவா மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் பெர்ரி ஹோல்டன் ஸ்டேஷன் ஸ்டேஷனாக நிறுத்தி, ரயில் பெட்டிக்குள்ளேயே விவசாயிகளை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். பிறகு பர்லிங்டன் ரயில்வேயும் சேர்ந்துகொண்டது. பாதையோர வயல்கள் கூடுதலாக விளைந்தால் சரக்கு வண்டியில் கூடுதல் மூட்டை ஏறும். ரயில்வேயின் கணக்கு அது. ஆனாலும் வாசலுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயம்.

சரி, என் பெட்டிக்கு வருகிறேன். வெள்ளைத் துணியில் 20 கட்டம் கோடு போட்டு, எண் எழுதி, மரத்தூள் மேல் விரித்தேன். 20 கதிருக்கும் அதே எண். ஒவ்வொரு கதிரிலும் 6 மணி: அடியில் 2, நடுவில் 2, நுனிப் பக்கம் 2. கதிரைத் திருப்பித் திருப்பி எடுக்க வேண்டும், ஒரே வரிசையில் எடுத்தால் உண்மை தெரியாது. மேலே இன்னொரு ஈரத்துணி, அதன் மேல் மீதித் தூள்.

ஆறாம் நாள் திறந்தேன். 15 கதிரில் ஆறும் முளைத்திருந்தன. மூன்றில் ஐந்து. 11-ஆம் எண் கதிரில் இரண்டே இரண்டு, அதுவும் நூல் மாதிரி. 4-ஆம் எண் கதிரில் ஒன்றுகூட இல்லை. அந்த நான்காம் கதிர்தான் பார்க்க எல்லாவற்றிலும் அழகு! நீளம், நிறம், வரிசை பிசகாத மணிகள். சோதிக்காமல் விட்டிருந்தால் முதலில் அதைத்தான் உதிர்த்திருப்பேன். ஒரு கதிரில் எத்தனை நூறு மணி, வயலில் அத்தனை குழி வெறுமையாகக் கிடந்திருக்கும். கதிர் கதிராகச் சோதிக்கச் சொன்னதன் காரணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

4-ம் 11-ம் கோழிக்குப் போய்விட்டன. ஐந்து முளைத்த மூன்றையும் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். மற்ற 15 கதிர்களின் நுனி மணிகளைத் தள்ளிவிட்டு, மீதியை உதிர்த்து ஆடிப்பட்டத்தில் விதைக்கப் போகிறேன்.