ஐந்து நிமிட ஈ.சி.ஜி.யும் ஒரு பிஎச்.டி.யும்

பிசியாலஜியில், அதாவது உடலியங்கியலில், பிஎச்.டி. செய்யலாமா என்று கேட்கும் ஜூனியர்கள் பெரும்பாலும் நுழைவுத் தேர்வைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அது பெரிய விஷயமே இல்லை. எம்.எஸ்சி. மெடிக்கல் பிசியாலஜி முடித்து, டியூட்டராக முதலாண்டு எம்.பி.பி.எஸ். பிள்ளைகளுக்குத் தவளைத் தசை கிராஃப் விளக்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வித்தாள் பழக்கப்பட்டதாகவே இருந்தது. வேலையை விடாமல் பகுதி நேரமாகச் சேர்ந்தேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6. வகுப்பும் எடுத்துக்கொண்டு மூன்றில் முடிப்பேன் என்பவரை நான் நம்பமாட்டேன்.

இரவுப்பணிச் செவிலியர்களின் இதயத்துடிப்பு மாறுபாடு, அதாவது ஹெச்.ஆர்.வி., என் தலைப்பு. படுக்கவைத்து, லீட் ஒட்டி, ஐந்து நிமிடம் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையிலான நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை மென்பொருள் கணக்கிட்டுவிடும். 1996-ல் ஐரோப்பிய, வட அமெரிக்க அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட தரமுறைதான் இன்றும் அடிப்படை. ஊசி, மருந்து எதுவும் கிடையாது.

ஆனாலும் எத்திக்ஸ் கமிட்டி சும்மா விடவில்லை. “இந்த ரிசல்ட் நர்சிங் சூப்பரிண்டெண்ட் கைக்குப் போகுமா?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வார்டு பொறுப்பாளர் மூலம் ஆள் கேட்டால் யார் முடியாது என்பார்கள்? பெயருக்குப் பதில் குறியீட்டு எண், பொறுப்பாளர் இல்லாத நேரத்தில் ஒப்புதல் என்று மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

உண்மையான பாடு அதற்குப் பிறகுதான். முன்பே காபி குடித்திருக்கக் கூடாது. மாதவிடாய்ச் சுழற்சியின் ஒரே கட்டத்தில் எல்லோரையும் பதிவு செய்ய வேண்டும். அறையின் குளிர்ச்சி மாறக் கூடாது. இரவு முழுக்க நின்றுவிட்டு வந்தவர் ஏ.சி. அறையில் படுத்ததும் கண் சொக்கிவிடும். தூக்கத்தில் எடுத்த பதிவை விழிப்பில் எடுத்ததோடு ஒப்பிட முடியாது. “தூங்கிடாதீங்க சிஸ்டர்” என்றால், “அஞ்சு நிமிஷம்தானே மேடம், தூங்கத் தூங்க எடுத்துக்கோங்களேன்” என்பார்கள். கிளம்பும் பஸ்ஸையும் விட்டுவிட்டு எனக்காக வந்தவர்களிடம் கோபப்படவா முடியும்?

மூச்சு இன்னொரு சிக்கல். மூச்சோடு சேர்ந்து துடிப்பின் இடைவெளியும் அலையாக ஏறி இறங்கும். மென்பொருள் இந்த அலைகளை வேகத்தின்படி பட்டைகளாகப் பிரிக்கும். உயர் அதிர்வெண் பட்டை (ஹெச்.எஃப்.) 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ் வரை. இதயத்துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் செயல்பாட்டை அதில்தான் பார்ப்போம். 0.15 ஹெர்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு 9 மூச்சு. தினமும் பிராணாயாமம் செய்பவர் அதற்கும் மெதுவாக மூச்சு விட்டால் அந்த அலை தாழ் அதிர்வெண் பட்டைக்கு (எல்.எஃப்.) போய்விடும். வேகஸ் நன்றாகவே வேலை செய்துகொண்டிருக்கும், எண்ணோ குறைவாகக் காட்டும். முதல் சில பதிவுகளைப் பார்த்ததுமே என் கைடு, “மூச்சைப் பதிவு பண்ற ரெஸ்பிரேஷன் பெல்ட் கட்டாம இனிமே ஒரு ரெக்கார்டிங்கும் எடுக்காதம்மா” என்று சொல்லிவிட்டார். பெல்ட் வாங்கக் கல்லூரி அலுவலகத்தில் கோப்பு நகர்ந்த வேகத்தை இங்கே எழுதினால் கட்டுரை நீண்டுவிடும்.

தீசிஸ் எழுதுவது சலிப்பான வேலை, அவ்வளவுதான். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் நான் எதிர்பார்த்தபடியே வெளித்தேர்வாளர் எல்.எஃப்./ஹெச்.எஃப். விகிதத்தைப் பிடித்துக்கொண்டார். அதை, துடிப்பை வேகப்படுத்தும் சிம்பதட்டிக் நரம்புகளுக்கும் வேகஸுக்கும் இடையிலான சமநிலையின் அளவுகோலாக இன்னும் பலர் எழுதுகிறார்கள். தாழ் அதிர்வெண் பட்டையில் வேகஸின் பங்கும் கலந்திருப்பதால் அந்த வாதம் நிற்காது. அதனால்தான் அடுத்தடுத்த துடிப்பு இடைவெளிகளின் வித்தியாசத்திலிருந்து கணக்கிடும், பெரும்பாலும் வேகஸையே காட்டும் ஆர்.எம்.எஸ்.எஸ்.டி.யை முதன்மை அளவாக வைத்தேன் என்றேன். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவக் கல்லூரிகளில் பிசியாலஜி துறையில் எம்.பி.பி.எஸ். படிக்காத ஆசிரியர்களுக்கான வரம்பை 2020-ல் தேசிய மருத்துவ ஆணையம் 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறைத்தது. பிஎச்.டி. இருந்தாலும் அப்போது அந்த வரம்பு பொருந்தியது. விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன், இப்போது நடப்பில் இருக்கும் விதியை வரி விடாமல் படித்துவிடுங்கள்.