ஸ்ட்ரைக் சோனுக்குள் ஒரு வரைபடம்

மண்டபம் கடற்கரையில் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு, எந்த மட்டையாளருக்கு எந்த இடத்தில் பந்து போடக் கூடாது என்பது மனப்பாடம். அந்த அறிவை எண்களாக்கிக் காட்டியவர் என்பதால்தான் பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸ்மீது எனக்குப் பெருமதிப்பு. 1941இல் .406 சராசரி (ஆயிரம் முயற்சிக்கு 406 ஹிட், அதாவது பந்தை அடித்துப் பாதுகாப்பாகத் தளம் சேர்வது என்ற வீதம்) எடுத்த அவர், ஸ்ட்ரைக் சோனை, அதாவது மட்டையாளர் அடித்தாக வேண்டிய பந்துகள் கடந்து செல்லும் கற்பனைச் சட்டத்தை, குறுக்கே 7, நெடுக்கே 11 என 77 பந்து அளவுக் கட்டங்களாகப் பிரித்து, நடுவே .400, வெளிப்புறக் கீழ்மூலையில் .230 எனத் தம் சராசரியை மதிப்பிட்டார்.

அது அனுபவக் கணிப்பு. இன்று ஸ்டாட்காஸ்ட் என்னும் பந்துத் தடமறியும் அமைப்பு, ஒவ்வொரு பந்தும் பிளேட்டை (மட்டையாளர் அருகே தரையிலுள்ள தகட்டை) கடக்கும் இடத்தைப் பதிவு செய்கிறது. ஆனாலும் கட்டம் சிறுக்கச் சிறுக்கத் தரவும் குறைகிறது. ஒரு கட்டத்தில் 3 முயற்சியில் 2 ஹிட் என்றால் சராசரி .667, அதை நம்பிவிட முடியாது. பாக் நீரிணையில் சில இடங்களில் மட்டும் ஆழம் பார்த்து இடைப்பட்ட ஆழத்தை ஊகிப்பதைப் போல, மென்மையாக்கும் புள்ளியியல் மாதிரிகள் அண்டைக் கட்டங்களின் தகவலையும் சேர்த்தே மதிப்பிடுகின்றன. படிநிலை மாதிரிகளோ, தரவு மெலிந்த வீரரின் எண்ணை எல்லா வீரர்களின் சராசரியை நோக்கி இழுக்கின்றன.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. தேர்ந்த மட்டையாளர் தமக்கு ஆகாத மூலையில் மட்டையை வீசுவதே அரிது; இரண்டு ஸ்ட்ரைக் விழுந்தபின் (மூன்றாவது விழுந்தால் ஆட்டமிழப்பு) வேறு வழியின்றி வீசியவையே அங்கு மிகுதியாகப் பதிவாகின்றன. ஆகவே வீசும் முடிவு, பந்தில் படுதல், பட்டபின் விளைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே மாதிரியாக்குவதே சரி என்பேன்.