சூரியனின் நிறை இழப்புக் கணக்கு: மதிப்பெண் எங்கே நழுவுகிறது?

சூரியன் நிறை இழப்பது பற்றிய கணக்கு பன்னிரண்டாம் வகுப்பிலும் வரும், நுழைவுத் தேர்விலும் வரும், ஒலிம்பியாட் தாளிலும் வரும். E = mc² என்ற சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். எதிலிருந்து எதைக் கழிக்கிறோம் என்பதில்தான் விடை பிசகுகிறது.

முதலில் ஒளிர்திறன், அதாவது சூரியன் நொடிக்கு வெளியிடும் மொத்த ஒளி ஆற்றல். பூமியின் தூரத்தில், வளிமண்டலத்துக்கு வெளியே, ஒரு சதுர மீட்டருக்கு 1361 வாட் சூரிய ஒளி விழுகிறது. அந்த ஒளி 1.496 × 10¹¹ மீட்டர் ஆரமுள்ள முழுக் கோளத்தின் மீதும் பரவுகிறது. கோளத்தின் பரப்பு 2.81 × 10²³ சதுர மீட்டர், பெருக்கினால் 3.83 × 10²⁶ வாட். வட்டத்தின் பரப்பைப் போட்டுவிட்டால் விடை கால் பங்காகிவிடும். இதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் நொடிக்கு 4.26 × 10⁹ கிலோ, அதாவது சுமார் 43 லட்சம் டன் வரும்.

'நொடிக்கு 43 லட்சம் டன் ஹைட்ரஜன் எரிகிறது' என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். ஹைட்ரஜன் கருக்கள் சேர்ந்து ஹீலியமாகும் அணுக்கரு இணைவில் ஈடுபடும் ஹைட்ரஜன் நொடிக்குச் சுமார் 60 கோடி டன். அதில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாக வெளியேறுகிறது, மீதி ஹீலியமாகச் சூரியனுக்குள்ளேயே கிடக்கிறது. புரோட்டான், நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. ஹீலியக் கருவாக இறுகும்போது வெளிப்படும் பிணைப்பு ஆற்றலின் அளவுக்கே நிறை குறைகிறது.

அந்த 0.7 சதவீதத்தைக் கணக்கிடும் இடத்தில் கவனமாக இருங்கள். அணு நிறைகளை எடுத்தால் ஹைட்ரஜன் 1.007825, ஹீலியம் 4.002602. நான்கு ஹைட்ரஜனிலிருந்து ஒரு ஹீலியத்தைக் கழித்தால் 0.028698 அணு நிறை அலகு, ஆற்றலாக 26.73 மெகா எலக்ட்ரான் வோல்ட். புரோட்டான் நிறையை (1.007276) எடுத்துக்கொண்டு ஹீலியத்துக்கு மட்டும் அணு நிறையைப் போட்டால் 24.69 வரும். பலர் இதைக் கூட்டல் பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி கூட்டிப் பார்க்கிறார்கள். உண்மையில், இணைவில் பிறக்கும் இரண்டு பாசிட்ரான்கள் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்கள்) எலக்ட்ரான்களுடன் சேர்ந்து அழியும்போது கிடைக்கும் 2.04 தான் விட்டுப்போயிருக்கிறது. அணு நிறை என்றால் இரு பக்கமும் அணு நிறை. கரு நிறை என்றால் பாசிட்ரான் கணக்கைத் தனியாக எழுதுங்கள். இணைவில் பிறந்து நேரே வெளியேறிவிடும் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் கொண்டுபோகும் ஆற்றல் பங்கு சுமார் 2 சதவீதம். வினாவில் கேட்காவிட்டால் விட்டுவிடலாம்.

கடினமான தாள்களில் சூரியக் காற்றும், அதாவது சூரியனிலிருந்து வெளியே பாயும் துகள் ஓட்டமும் சேரும். கன சென்டிமீட்டருக்கு 7 புரோட்டான், வேகம் நொடிக்கு 400 கிலோமீட்டர் என்று கொடுத்தால் எண்ணடர்த்தி, புரோட்டான் நிறை, வேகம், அதே கோளப் பரப்பு நான்கையும் பெருக்குங்கள்: நொடிக்கு ஏறத்தாழ 13 லட்சம் டன். கன சென்டிமீட்டரைக் கன மீட்டராக்கும் பத்து லட்சத்தை மறந்தால், நொடிக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேல் என்று அபத்தமான விடை நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வினா, பூமியின் பாதை என்ன ஆகும் என்பது. கெப்ளரின் மூன்றாம் விதியில் சுற்றுக்காலத்தை மாறாததாக வைத்துப் போட்டால் பாதை சுருங்குகிறது என்று வரும், திசையே தலைகீழ். மாறாதது கோண உந்தம். விசை மையத்தை நோக்கியே இருப்பதாலும் நிறை மிக மெதுவாகக் குறைவதாலும், சூரிய நிறையையும் பாதையின் ஆரத்தையும் பெருக்கினால் வரும் மதிப்பு மாறாது. ஒளியால் மட்டும் ஆண்டுக்கு 1.34 × 10¹⁷ கிலோ இழப்பு, 1.99 × 10³⁰ கிலோவில் இது 6.8 × 10⁻¹⁴ பங்கு. ஆகவே ஆரம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடும். சூரியக் காற்றையும் சேர்த்தால் சுமார் 1.3 சென்டிமீட்டர். இது வெறும் தாள் கணக்கில்லை: 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலத்தின் தரவிலிருந்து, சூரியனின் ஈர்ப்பு இப்படித் தளர்வதை 2018இல் வெளியான ஆய்வு கணித்தது.

சூரியனின் வயதான 460 கோடி ஆண்டுகளில் ஒளியால் மட்டும் மொத்த இழப்பு எவ்வளவு என்று கேட்டால், இன்றைய வீதத்தையே வைத்து 0.03 சதவீதம், ஏறத்தாழ நூறு பூமிகளின் நிறை என்று எழுதலாம். 'வீதம் மாறவில்லை எனக் கொண்டால்' என்ற வரியைக் கட்டாயம் சேருங்கள். இளமையில் சூரியன் இன்றைவிட 30 சதவீதம் மங்கலாக இருந்தது. ஆகவே ஒளியால் போன உண்மையான நிறை இதைவிடச் சற்றுக் குறைவு. சூரியன் முதுமையில் ஊதிப் பெருக்கும் சிவப்பு அரக்கன் நிலைக்கு இந்த வீதத்தை நீட்டவே கூடாது. அப்போது வெளி அடுக்குகளே விலகிப்போய், கடைசியில் நிறையில் பாதியளவுதான் வெண்குறுமீனாக, அதாவது அடர்ந்த சிறு உள்ளகமாக எஞ்சும்.