செசார் விருதுக்கு மறுநாள்

பாரிஸில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவது. எனக்கு முன்னால் வந்த எங்கள் ஈழத்து ஆட்களில் பலர் அந்தத் தொட்டியடியில்தான் தொடங்கியிருக்கிறார்கள். வேலை பழகிவிட்டது. பேச்சுத்தான் பழகவில்லை. தட்டு, கரண்டி, சீக்கிரம், இன்னும் என்ற அளவில் உத்தரவுகள் புரிந்தன. மதிய வேலை முடிந்து எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள், எதற்குச் சண்டை பிடிக்கிறார்கள் என்பது எனக்கு எட்டவில்லை. அந்த மேசையில் நான் முதன்முதலாக வாய் திறந்தது செசார் விருதைப் பற்றி.

பிரெஞ்சுத் திரையுலகின் தேசிய விருது அது. ஜோர்ஜ் கிராவென் தொடங்கியது. 1976இல் நடந்த முதல் விழாவுக்குத் தலைமை தாங்கியவர் நடிகர் ஜான் கபேன். உலோகத்தை நசுக்கிச் சிற்பம் செய்த செசார் பல்டாச்சினி விருதுச் சிலையைச் செய்தார், அவர் பெயரே விருதுக்கும் நிலைத்தது. இந்தியத் தேசிய விருதைப் போல அரசு நியமிக்கும் நடுவர் குழு இங்கில்லை. திரைத்துறையைச் சேர்ந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு சுற்றுகளில் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிறவனுக்கு வாக்கு இல்லை. அவனுக்கு வாய் மட்டும்தான் உண்டு. அதை அவன் முழுமையாகப் பயன்படுத்துகிறான்.

விழா பெரும்பாலும் பெப்ரவரி முடிவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவில் வரும். கனால் பிளஸ் தொலைக்காட்சி அன்று மட்டும் சந்தா இல்லாதவர்களும் பார்க்கும்படி திறந்து விடும். உணவகத்தில் வெள்ளி இரவு கூட்டம் நெரியும் நேரம் என்பதால் நாங்கள் ஒழுங்காகப் பார்த்ததில்லை. மசாலாப் போத்தல்கள் இருக்கும் தட்டில் யாரோ ஒருவருடைய கைபேசி சாய்ந்து நிற்கும். கடந்து போகிறவர்கள் ஒரு கண் வைத்துவிட்டுப் போவார்கள். உண்மையான விழா எங்களுக்குச் சனிக்கிழமைதான். மேசையில் ரொட்டியை வைத்ததும் தொடங்கிவிடும்.

எங்கள் தலைமைச் சமையல்காரர் நோர்மண்டிக்காரர். பழைய நகைச்சுவை நடிகர் லூயி து ஃபுனேஸ் பேசிய வசனங்களை முகபாவத்தோடு ஒப்பிப்பார். மக்களைச் சிரிக்க வைத்தவர்களுக்குச் செசார் மரியாதை தருவதில்லை என்பது அவருடைய தீராத மனக்குறை. து ஃபுனேசுக்குக் கிடைத்தது 1980இல் ஒரு கௌரவ விருது மட்டும். 2008இல் வெளிவந்த டானி பூனின், வட பிரான்ஸைப் பற்றிய நகைச்சுவைப் படத்தை இரண்டு கோடிக்கும் அதிகமானோர் அரங்கில் பார்த்தார்கள். அந்தப் படம் திரைக்கதைக்காக ஒரேயொரு பரிந்துரை பெற்றது. மனம் கசந்த டானி பூன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, கடைசியில் விளையாட்டு உடையில் மேடையேறியதைச் சமையல்காரர் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நடந்ததைப் போலச் சொல்வார்.

எனக்குப் பக்கத்தில் நின்று பாத்திரம் தேய்த்த மாலி நாட்டு நண்பருக்கு 2012தான் ஆண்டு. ஓமர் சீ சிறந்த நடிகர் விருதை வாங்கிய ஆண்டு. ஆபிரிக்கப் பெற்றோருக்குப் பாரிஸ் புறநகரில் பிறந்த பிள்ளை ஒருவன் நாட்டின் முதல் நடிகனாக நின்றதை அவர் தன் வீட்டு விசேஷத்தைப் போலச் சொன்னார். இன்னொருவர், அதிகாலையில் வந்து தரை துடைத்து, எங்களோடு காலை உணவு சாப்பிட்டுவிட்டுப் போகும் அல்ஜீரிய அம்மா. சினிமாவில் அவருக்கு அக்கறை இருப்பதாக 2016 வரை யாருக்கும் தெரியாது.

2015ஆம் ஆண்டு மே மாதம் 'தீபன்' கான் திரைப்பட விழாவில் முதற்பரிசான தங்கப் பனை விருது பெற்றது. ஜாக் ஒடியார் இயக்கிய பிரெஞ்சுப் படம். ஆனால் அதில் பெரும்பகுதி தமிழில் பேசுகிறார்கள். இலங்கைப் போரிலிருந்து தப்பி, ஒரு குடும்பமாகப் பொய் சொல்லிப் பிரான்ஸுக்கு வரும் மூன்று பேரின் கதை. நாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவரும் அகதியாக வந்து, உணவகங்களிலும் கடைகளிலும் உடலுழைப்பு வேலைகள் செய்தவர். ஓகஸ்டில் படம் அரங்குக்கு வந்தபோது நான் போய்ப் பார்த்தேன். பாரிஸ் திரையரங்கில், பிரெஞ்சு எழுத்து கீழே ஓட, மேலே யாழ்ப்பாணத் தமிழ் கேட்டது. என்னைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் எழுத்தைப் படித்துச் சிரிப்பதற்கு முன்பே நான் சிரித்து முடித்திருந்தேன். இந்த நாட்டில் மற்றவர்களுக்கு முன்னால் எனக்கு ஒன்று புரிந்தது அங்கேதான்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் படத்தைப் பற்றி இரண்டு கட்சி. நான் அரிசி வாங்கும் கடையின் அண்ணர் கொதித்துப்போயிருந்தார். "முப்பது வருடம் இங்கே ஒழுங்காக உழைத்து, பிள்ளைகளைப் படிப்பித்து, வரி கட்டியிருக்கிறோம். கடைசியில் எங்களைக் கையில் கத்தி தூக்குகிறவர்களாகக் காட்டுவதா?" என்று கேட்டார். அங்கே நின்ற இன்னொருவர், "எங்களைக் காட்டினார்களே, அதைச் சொல்லுங்கள்" என்றார். இரண்டு பேர் சொன்னதும் எனக்கு நியாயமாகவே பட்டது. படத்தின் கடைசிப் பகுதி எனக்கும் பிடிக்கவில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பொன்றின் வாயிற்காவலராகக் குப்பை கூட்டி, கடிதம் பிரித்து, மின்விளக்கு மாற்றி ஒரு மனிதன் புதிய நாட்டில் காலூன்றுவதை அவ்வளவு நிதானமாகக் காட்டிய இயக்குநர், அவனைத் திரும்பவும் போராளியாக்காமல் விட்டிருக்கலாம்.

செசாருக்கு 'தீபன்' ஒன்பது பரிந்துரைகள் பெற்றது. சிறந்த நடிகர் பட்டியலில் ஜெரார் தெபர்தியு, வென்சான் கசெல் ஆகியோருக்கு இடையே அந்தோனிதாசன் யேசுதாசன் என்ற பெயர் இருந்தது. ஷோபாசக்தியின் சொந்தப் பெயர். அந்தச் செய்தித்தாளைச் சமையல்காரர் என்னிடம் நீட்டி, இதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். நான் சொல்லிக் கொடுத்தேன். மேசையிலிருந்த எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். படத்தில் அவர்கள் பேசுவது உன் மொழியா, அந்தக் குடியிருப்பு எங்கே இருக்கிறது, உண்மையில் அப்படித்தான் வந்தாயா என்று கேள்விகள் வந்தன. தெரிந்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு பதில் சொன்னேன். இலக்கணம் பிழைத்திருக்கும். யாரும் திருத்தவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

2016 பெப்ரவரி 26. சாத்லே அரங்கில் விழா. ஒடியார் செசாருக்குப் புதியவர் அல்லர். 2010இல் அவருடைய சிறைப் படம் ஒன்பது விருதுகளை அள்ளியிருந்தது. அதனால் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். ஒன்பது பரிந்துரையில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. சிறந்த நடிகர் விருது, வேலை இழந்து பேரங்காடிக் காவலாளியாகும் தொழிலாளியாக நடித்த வென்சான் லண்டோனுக்குப் போனது. பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அதுவரை வாங்காதவர். அதில் குறை சொல்ல முடியாது. சிறந்த படம் 'பாத்திமா'.

மறுநாள் காலை நான் முகம் தொங்கி வேலைக்கு வந்தபோது, அல்ஜீரிய அம்மா வீட்டில் செய்த தேன் பலகாரத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். 'பாத்திமா' அவருடைய கதை. பிரெஞ்சு சரியாகப் பேச வராத, வட ஆபிரிக்காவிலிருந்து வந்த தாய் ஒருத்தி வீடுகளைத் துப்புரவு செய்து இரண்டு பெண்பிள்ளைகளை ஆளாக்குகிறாள். மனதிலுள்ளதை இரவில் அரபியில் எழுதுகிறாள். நாயகியாக நடித்த சொரியா செருவாலும் நிஜ வாழ்வில் துப்புரவுத் தொழிலாளிதான். "என் பெண்பிள்ளைகள் இரண்டு பேரும் இரவு என்னோடு இருந்து பார்த்தார்கள்" என்று மட்டும் அந்த அம்மா சொன்னார். எங்கள் படம் தோற்றது இவருடைய படத்திடம் என்பது அந்தப் பலகாரத்தைக் கையில் வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. துப்பாக்கி வெடிக்காமல், யாரும் யாரையும் கொல்லாமல், குடியேறி வந்தவளின் ஒரு நாளைக் காட்டிய படத்துக்குப் பெரிய விருது கிடைத்திருக்கிறது. லாச்சப்பல் அண்ணர் கேட்டதும் அதைத்தானே? அடுத்த வாரம் அவரிடம் போய் இதைச் சொன்னேன். "அப்படியென்றால் எங்களுக்கும் ஒருவர் அப்படி எடுக்கட்டும்" என்றார்.

2020இல் மேசை இரண்டாகப் பிளந்தது. அப்போது நான் தொட்டியடியிலிருந்து சலாட் பகுதிக்கு மாறியிருந்தேன். பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் உள்ள ரோமன் போலன்ஸ்கியின் படத்துக்குப் பன்னிரண்டு பரிந்துரைகள். விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது செசாரை நடத்தும் அக்காதெமியின் நிர்வாகக் குழு கூட்டாகப் பதவி விலகியது. பிளேயல் அரங்கின் வெளியே பெண்கள் திரண்டார்கள். சிறந்த இயக்குநராக அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் நடிகை அதேல் ஹேனல் எழுந்து வெளியேறினார். பரிமாறும் வேலை செய்த மாணவி மறுநாள் அதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. படத்தையும் மனிதனையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சமையல்காரர் தொடங்கினார். அவள் விடவில்லை. படம் எப்படியிருக்கிறது என்பதல்ல, அந்த அறையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்கள் யார் என்பதே தன் கேள்வி என்றாள். நான் அவள் பக்கம். அன்றும் அப்படித்தான் சொன்னேன், இன்றும் அதுதான் என் நிலை. ஒரு துறை தன் கையால் ஒருவருக்கு மரியாதை செய்யும்போது, அவரால் தங்களுக்குத் தீங்கு நடந்ததாகச் சொல்கிற பெண்களின் முகத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

அதே இரவில் நடிகை ஐசா மைகா மேடையில் நின்று, இப்படியான கூட்டங்களில் எத்தனை கறுப்பினத்தவர் இருக்கிறார்கள் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை என்று பேசினார். சிறந்த படமாக, மாலியிலிருந்து வந்த பெற்றோரின் மகன் லாஜ் லீ எடுத்த 'லே மிசெராப்ல்' தேர்வானது. மாலி நண்பர் ஒரே இரவில் கோபமும் மகிழ்ச்சியுமாகத் தூங்கவில்லை என்றார். சில வாரங்களில் கொரோனா எங்கள் உணவகத்தையும் திரையரங்குகளையும் சேர்த்தே மூடிவிட்டது.

2025 பெப்ரவரி 28, ஒலிம்பியா அரங்கு. சமையல்காரர் விழாவுக்கு முன்பே கொதித்துக்கொண்டிருந்தார். ஆர்துஸ் இயக்கிய, மாற்றுத்திறனாளிகள் நடித்த நகைச்சுவைப் படத்தை ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்திருந்தார்கள். அதற்குச் சிறந்த முதல் படம் என்ற ஒரு பரிந்துரைதான், அதுவும் கைகூடவில்லை. பதினான்கு பரிந்துரை பெற்ற மொந்தே கிறிஸ்தோ படத்துக்கு உடையும் அரங்க அமைப்பும் மட்டும். பெரிய விருதுகள் ஒடியாரின் 'எமிலியா பெரேஸ்' படத்துக்கு, மொத்தம் ஏழு.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் கதையை எடுத்து வெறுங்கையோடு போன அதே ஒடியார். இம்முறை மெக்சிகோவின் கதை, ஸ்பானிய மொழியில், பெரும்பாலும் பாரிஸ் அருகே ஸ்டூடியோவில் எடுத்தது. காணாமல் போனவர்களின் துயரத்தைப் பாட்டும் ஆட்டமும் ஆக்கிவிட்டார்கள் என்று மெக்சிகோ ரசிகர்கள் கொந்தளித்திருந்தார்கள். அது வெறும் பாட்டுப் படம்தானே என்று மேசையில் ஒருவர் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் ஊரிலும் காணாமல் போனவர்களின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு தாய்மார்கள் தெருவோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் துயரத்தைக் கையிலெடுக்கிற கலைஞன் அங்கே போய், அவர்கள் வாசலில் சில காலமாவது இருந்துவிட்டு எடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஒடியார் பெரிய கலைஞர் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அதனால்தான் அவரிடம் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்று என் மகிழ்ச்சி வேறோர் இடத்தில் இருந்தது. 'சுலைமானின் கதை'. பொரிஸ் லொஜ்கின் இயக்கிய படம். சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் கினி நாட்டு இளைஞன், அகதி விண்ணப்ப நேர்முகத்துக்கு முன்னான இரண்டு நாட்களில், காசு கொடுத்து வாங்கிய கதையை ஓடியோடி மனப்பாடம் செய்கிறான். நடித்த அபு சங்காரே கினியிலிருந்து வந்தவர், வாகனத் திருத்துநர் தொழில் படித்தவர். கானில் நடிகர் விருது வாங்கியபோதும் அவரிடம் வதிவிட அனுமதி இருக்கவில்லை. 2025 ஜனவரியில்தான் ஓராண்டு அனுமதி கிடைத்தது. அடுத்த மாதம் நம்பிக்கை தரும் புதுமுக நடிகருக்கான செசார். நேர்முக அதிகாரியாக மேசைக்கு அப்பால் உட்கார்ந்திருந்த நினா மொரிஸ் சிறந்த துணை நடிகை. திரைக்கதைக்கும் படத்தொகுப்புக்கும் ஒவ்வொன்று.

லாச்சப்பலில் சிலருக்குச் சங்கடம். வாங்கிய கதையைப் பற்றி ஏன் வெளியில் பேச வேண்டும், நாளைக்கு உண்மை சொல்கிறவனையும் நம்பமாட்டார்களே என்றார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் படம் எங்கே போய் முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வாங்கிய கதை உடைந்து, அவன் தன் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்குகிறான்; விற்கப்பட்ட கதையைவிட அது கனமானது. அகதிகள் பொய்யர்கள் என்ற எண்ணத்தோடு அரங்குக்குள் போகிறவர் அதே எண்ணத்தோடு திரும்ப முடியாது.

விருதுக்குப் பிறகு சமையல்காரர் தன் மனைவியோடு போய் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார். உன்னையும் அப்படித்தான் விசாரித்தார்களா என்று கேட்டார். ஃபொந்தனே சூ புவாவிலுள்ள அந்த அகதி விண்ணப்ப அலுவலகம், சிறிய அறை, நான் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அதிகாரி தட்டச்சிட்டது, ஊரின் பாதைகளையும் தேதிகளையும் திரும்பத் திரும்பக் கேட்டது என்று எல்லாவற்றையும் சொன்னேன். இவ்வளவு காலம் ஒரே அடுப்படியில் நின்றும் அவரிடம் சொல்லாதவை. மாலி நண்பரும் தன்னுடையதைச் சொன்னார். அன்று மதியச் சாப்பாடு நீண்டுவிட்டது, மாலை வேலைக்கு அவசரப்பட வேண்டியதாயிற்று.

எழும்பிப் போகும்போது சமையல்காரர், படம் நல்லதுதான், ஆனாலும் சிறந்த படம் மொந்தே கிறிஸ்தோவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்றார். இல்லை, 'சுலைமானின் கதை'க்கு என்றேன் நான். ரசிகர்களுக்கும் ஒரு வாக்கு வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து.