செராயும் ஜாதிபத்திரியும் சேர்ந்த ஒரு மூலிகைத் தேநீர்

மலேசியாவின் பினாங்குத் தீவில் எந்தப் பசாருக்குப் (சந்தைக்குப்) போனாலும் செராய் என்னும் எலுமிச்சைப்புல், இஞ்சி, பாண்டான் என்னும் ரம்பை இலை மூன்றும் கிடைக்கும். அப்படியிருந்தும் வாசனை ஊட்டப்பட்ட மூலிகைத் தேநீர்ப் பைகளைத்தான் நாம் அதிகம் வாங்குகிறோம். அவற்றில் பல, பெட்டியைத் திறந்தவுடன் வீடெங்கும் மணக்கின்றன. கோப்பையில் ஊற்றிக் குடித்தாலோ சப்பென்று இருக்கின்றன. மூக்குக்குக் கிடைத்தது நாக்குக்கும் கிடைக்கிறதா என்பதை வைத்தே நான் ஒரு கலவையை மதிப்பிடுகிறேன்.

செராயின் மணத்துக்குக் காரணம் சிட்ரால் என்னும் சேர்மம். எலுமிச்சைத் தோலிலும் அது உண்டு என்பதால், செராய் கொதிக்கும் ஆவியை முகர்ந்தவுடன் நாக்கு புளிப்பை எதிர்பார்த்துவிடுகிறது. ஆனால் செராயில் சொல்லும்படியான புளிப்பு இல்லை. அந்த ஏமாற்றத்தைத் தீர்க்கச் சிறிய எலுமிச்சையில் பாதியைப் பிழிந்தால் போதும். செராயை மட்டும் போட்டுக் குடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்பவர்கள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

ஜாதிபத்திரி இந்தத் தீவுக்கு மிகவும் நெருங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளிலிருந்து கொண்டுவந்து இங்கே அறிமுகப்படுத்திய ஜாதிக்காய், தீவின் பாலிக் பூலாவ் பக்கத்தில் இன்றும் விளைகிறது. கொட்டையைச் சுற்றியிருக்கும் செந்நிற வலைதான் பத்திரி; கொட்டையைவிட மென்மையான மணம் கொண்டது என்பதால் தேநீருக்கு அதையே நான் விரும்புகிறேன். இரண்டு கோப்பைக்குச் சுண்டுவிரல் நகமளவுத் துண்டு போதும். ஜாதிக்காயானாலும் பத்திரியானாலும் அளவு மீறினால் உடம்புக்குக் கெடுதல் என்பதால், மணம் போதவில்லை என்று அள்ளிப் போடக் கூடாது.

எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 500 மில்லி தண்ணீரில் நசுக்கிய இஞ்சித் துண்டுகளையும் பத்திரியையும் போட்டு, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் வைக்கிறேன். கடினமான பொருள்கள் தம் சாரத்தை விட அவ்வளவு நேரம் வேண்டும். பிறகு இரண்டு செராய்த் தண்டுகளின் வெண்மையான அடிப்பகுதியைத் தட்டிப் போட்டு, முடிச்சிட்ட ஒரு பாண்டான் இலையையும் சேர்த்து, தீயை அணைத்து ஐந்து நிமிடம் மூடிவைக்கிறேன். திறந்து வைத்தால் அடுக்களைதான் மணக்கும், தேநீர் மணக்காது. பாஸ்மதி அரிசிக்கு மணம் தரும் அதே சேர்மம்தான் பாண்டானிலும் இருக்கிறது. அது சேர்ந்தவுடன் இஞ்சியின் காரம் சற்றே தணிந்து தெரிகிறது.

காய்ந்த சங்குப்பூ ஏழெட்டைக் கடைசியில் போடலாம். வடிகட்டியபின் எலுமிச்சை பிழியும்போது, புளிப்பு பட்டு நீலம் ஊதாவாக மாறுவது பார்க்க அழகுதான். ஆனால் சங்குப்பூவுக்குச் சுவை மிகக் குறைவு, ஆகவே அது இல்லையென்றாலும் இந்தத் தேநீரில் குறையொன்றும் இருக்காது.

சுவை பார்ப்பதற்குச் சற்று ஆறவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் இஞ்சி மட்டுமே தெரியும். இளஞ்சூட்டில் முதலில் செராயும் புளிப்பும், விழுங்கியபின் தொண்டையில் பத்திரியின் கதகதப்பும் தெரிகின்றன. இனிப்பு வேண்டுபவர்கள் கற்கண்டு சேர்க்கலாம். தேன் தன் மணத்தால் பத்திரியை மறைத்துவிடுகிறது. பகல் வெயிலுக்கு ஐஸ் போட்டுக் குடிப்பதானால், கரையும் ஐஸ் சுவையை நீர்க்கச் செய்யும் என்பதால், அதே பொருள்களுக்குப் பாதித் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும்.