ரெண்டு பொண்ணுங்க பேர்லயும் டெபாசிட் பத்திரம் வாங்கிட்டேன், ஆனா அதுக்குப் பட்ட பாடு இருக்கே

நேத்துதான் ரெண்டு பத்திரமும் கைக்கு வந்துச்சு. அலைச்சல் மறக்கறதுக்குள்ள எழுதிடறேன், பொண்ணு பெத்த யாருக்காவது ஒரு நடை மிச்சமானா கூட போதும்.

முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம் பல பேருக்குத் தெரிஞ்சதுதான், 1992லருந்து தமிழ்நாட்டுல இருக்கு. ஒரே பொண்ணுன்னா 50,000, ரெண்டும் பொண்ணுன்னா ஆளுக்கு 25,000 அரசாங்கம் டெபாசிட் போடும், பத்தாவது பரீட்சை எழுதியிருந்தா 18 வயசு முடிஞ்சதும் வட்டியோட வரும். நிறைய பேர் கோட்டை விடறது தேதியிலதான். ரெண்டாவது பொண்ணு பொறந்து 3 வருஷத்துக்குள்ள மனு போட்டாகணும். எனக்கு இது தெரிய வந்தப்ப சின்னவளுக்கு ரெண்டரை வயசு தாண்டிடுச்சு, அதுவும் அங்கன்வாடி டீச்சர் சத்துமாவு குடுக்கறப்ப "ரெண்டும் பொண்ணு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணிட்ட, மனு போட்டியாம்மா?"ன்னு கேட்டதாலதான். ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரில ஒருத்தர் கூட வாயைத் திறக்கல, டிஸ்சார்ஜ் பண்றப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெண்டரை வருஷம் வீணா போயிருக்காது.

பிறப்புச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் பிரச்சனை இல்லாம முடிஞ்சுது. என்னை அழ வச்சது வருமானச் சான்று. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். முன்னாடி 72,000தான் இருந்துச்சு, அதுக்கு இது பரவால்ல. வீட்டுக்காரர் கொத்தனாருக்குக் கையாளா போறாரு, நாளைக்கு 650 ரூபா. இதைச் சொன்னதும் விஏஓ ஆபீஸ்ல கால்குலேட்டரை எடுத்து 650ஐ 26 நாளால பெருக்கி, அதை 12 மாசத்தால பெருக்கி 2,02,800னு போட்டு மனுவைத் தள்ளிட்டாங்க. சார் மாசம் 26 நாள் வேலை எங்க கெடைக்குது, மழை வந்தா வேலை நிக்கும், கட்டற ஓனர் கிட்ட காசு இல்லைன்னாலும் நிக்கும்னு நான் சொன்னது எதுவும் அவங்க காதுல ஏறல. "எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க"ன்னுட்டாங்க. தினக்கூலிக்குப் போறவனுக்கு மாச சம்பளக் கணக்குப் போட்டா எந்தக் கூலிக்காரன் பிள்ளைக்கு இந்தப் பணம் கெடைக்கும்?

வீட்டுக்காரர்தான் ராத்திரி யோசிச்சு மேஸ்திரி கிட்ட இருந்த கணக்கு நோட்டை வாங்கிட்டு வந்தாரு. அட்டை பூரா சிமெண்ட் படிஞ்சு பக்கமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. உள்ள ஒவ்வொருத்தர் பேருக்கு நேராவும் வந்த நாளுக்கு ஒரு கோடு. ஐப்பசில இவர் பேருக்கு நேரா ஆறே ஆறு கோடு. வருஷம் முழுக்க எண்ணிப் பாத்தா மாசத்துக்கு சராசரி 14 நாள் கூட தேறல. அதை அப்படியே எடுத்துட்டுப் போய், இந்தத் தடவ ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) கிட்ட நேராவே காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமா திருப்பிப் பாத்தாரு, எதுவும் பேசல, விஏஓவுக்கு போன் போட்டு மறுபடி மனு போடச் சொன்னாரு. திரும்ப 60 ரூபா கட்டி இ-சேவைல போட்டோம், நாலாம் நாள் 1,08,000னு சான்று வந்துடுச்சு. கூலி வேலைக்குப் போறவங்க தயவுசெஞ்சு இப்படி ஏதாவது ஒரு கணக்கு எழுத்துல வச்சுக்கோங்க, வாயால சொன்னா எடுபடாது.

ஆண் குழந்தை இல்லைன்னு ஒரு சான்றும் வேணும். அதுவும் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு அதே வழியிலதான் போகுது, அதனால வருமானச் சான்றோட அன்னைக்கே சேத்து போட்டுடுங்க. நான் தனியா போட்டு ரெண்டு வாரம் வேஸ்ட் பண்ணிட்டேன்.

அடுத்தது குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் சான்று. என் கிட்ட இருந்தது டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும், அது செல்லாதாம். ஆஸ்பத்திரிக்கு மூணு தடவ போனேன், ரெண்டு தடவ "ரிஜிஸ்டர் ரெக்கார்டு ரூம்ல இருக்கு, நாளைக்கு வாங்க". மூணாவது தடவ சின்னவளை இடுப்புல வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் அந்த ஜன்னல் கிட்டயே நின்னேன், வேற வழியில்லாம எடுத்துப் பாத்தாங்க. ஆதார்ல என் பேரு 'அம்மாள்'னு முடியும், ரிஜிஸ்டர்ல 'அம்மா'னு எழுதி வச்சிருக்காங்க. ஒரு 'ள்' இல்ல. அப்படியே வாங்கியிருந்தா மனு திரும்பி வந்திருக்கும், ஆதாரைக் காட்டி அங்கயே திருத்தி சீல் வாங்கிட்டுத்தான் கெளம்பினேன்.

எல்லா பேப்பரும் தூக்கிட்டு இ-சேவைக்குப் போனா "அந்தத் திட்டத்தை நிறுத்திட்டாங்கக்கா"ன்னு அந்தப் பையன் கூலா சொல்றான். எனக்குக் கையே நடுங்கிடுச்சு. நல்லவேளை நம்பி வீட்டுக்குப் போகாம யூனியன் ஆபீஸ்ல சமூக நலத்துறை ஊர்நல அலுவலரைப் போய்ப் பாத்தேன். அந்த மேடம் உக்கார வச்சு எல்லா பேப்பரையும் வரிசைப்படுத்திக் குடுத்து, "திட்டம் நடக்குதும்மா, வேற சென்டர்ல போடு"ன்னாங்க. யார் நிறுத்தியாச்சுன்னு சொன்னாலும் சமூக நலத்துறைல கேக்காம விட்டுடாதீங்க. மனு ஏறினப்ப சின்னவளுக்கு மூணு வயசு முடிய 11 நாள்தான் பாக்கி.

அப்பறம் அந்த மேடமே வீட்டுக்கு வந்து விசாரிச்சாங்க, பல மாசம் காத்திருந்தோம், நேத்து கூப்பிட்டுக் குடுத்துட்டாங்க.

பத்திரத்தை வாங்கினதும் மடிச்சு வச்சுடாதீங்க. பிள்ளை பேரு, இனிஷியல், பிறந்த தேதி மூணையும் பிறப்புச் சான்றோட வச்சு அங்கயே பாருங்க, பிற்பாடு மார்க் ஷீட்ல வேற மாதிரி இருந்தா 18 வயசுல அந்தப் பிள்ளை அலையணும். நான் அந்த டேபிள் கிட்ட நின்னு எழுத்து எழுத்தா விரல் வச்சு ரெண்டு தடவ படிச்சேன். பின்னாடி நின்னவங்க சத்தம் போட்டாங்க, பரவால்லன்னு பெரியவளோடதை மூணாவது தடவயும் படிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டேன்.